லாவன்ஹாம் பக்கம் சாவகாசமா சைக்கிள்ல சுத்தணும்னா: ரயில்ல இருந்து பஞ்சர் வரைக்கும்

போன வருஷம் மே மாசக் கடைசி பேங்க் ஹாலிடேக்கு நானும் என் வீட்டுக்காரரும் சைக்கிளை எடுத்துக்கிட்டு இங்கிலாந்தோட கிழக்குப் பக்கம் சஃபோக்ல இருக்கற லாவன்ஹாம் கிராமத்துக்குப் போனோம். மொத்தமா எண்பது கிலோமீட்டர் கூட மிதிக்கல, ஆனா அதுக்குள்ள ஒரு ரயிலை விட்டோம், ஒரு நைட்டு ரூம் காசு போச்சு, ஒரு ராத்திரி வெறும் வேர்க்கடலையும் சிப்ஸும் சாப்பிட்டுப் படுத்தோம், நான் ஒரு ஓடைல விழுந்தேன். அப்புறம் செப்டம்பர்ல மறுபடி போனோம், அப்பதான் எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு (பஞ்சரைத் தவிர). மிதிக்கறதுல பெருசா ஒண்ணும் இல்லங்க, அந்தப் பக்கம் மலையே கிடையாது, ஸ்கூல் படிக்கறப்போ சைக்கிள் ஓட்டினதோட சரின்னு இருக்கறவங்க கூட ஓட்டலாம். எங்களுக்கு அடி விழுந்ததெல்லாம் நேரம் தெரியாமயும் ரூல் தெரியாமயும்தான். லண்டன்ல இருந்து முதல் தடவை போறவங்களுக்காக வரிசையா சொல்றேன்.

ஒரு சின்ன விஷயம் முதல்லயே: எழுதறதுதான் லாவன்ஹாம், உள்ளூர்க்காரங்க வாய்ல அது "லாவனம்". வழி கேக்கறப்போ உதவும்.

1. எப்போ போகணும்

மே நடுவுல இருந்து ஜூன் கடைசி வரைக்கும்தான் என் சாய்ஸ். ஜூன்ல ராத்திரி ஒன்பதே கால் வரைக்கும் வெளிச்சம் இருக்கும், எவ்ளோ லேட் பண்ணாலும் இருட்டுல மாட்ட மாட்டீங்க. ஆகஸ்ட் அறுவடை நேரம், ரோட்டையே அடைச்சிக்கிட்டு கம்பைன் மெஷினும் டிராக்டரும் வரும், ஒதுங்கறதுக்கு இடம் தேடணும். செப்டம்பர் அழகா இருக்கும், ஆனா முள் சீசன், அதைப் பஞ்சர் கதைல சொல்றேன். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க, அதுக்கப்புறம் நாலரை மணிக்கே இருட்ட ஆரம்பிச்சிடும், புதுசா ஓட்டறவங்களுக்கு வேண்டாம்.

மழைக்கு பயப்படாதீங்க, இங்கிலாந்துலயே மழை கம்மியா பெய்யற ஏரியாக்கள்ல இது ஒண்ணு. காத்துதான் வில்லன். திறந்த வயல்வெளி, தடுக்க ஒண்ணும் இல்ல. பெரும்பாலும் தென்மேற்குல இருந்து அடிக்கும். கிளம்பறப்போ எதிர்காத்துல போய்ட்டு, சோர்ந்து போய்த் திரும்பறப்போ காத்து முதுகுல தள்ளற மாதிரி ரூட்டை வெச்சுக்கோங்க.

2. பேப்பர் வேலை

இங்கயே இருக்கறவங்களுக்கு இதுல பாதி தேவையில்ல. ஊர்ல இருந்து தம்பி, தங்கச்சியைக் கூப்பிட்டு வந்து ஓட்டறதா இருந்தா முதல்ல விசா: இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஸ்டாண்டர்ட் விசிட்டர் விசா வேணும். 2025 ஏப்ரல்ல அது 127 பவுண்டு ஆச்சு, ஆறு மாசம் வரைக்கும் தங்கலாம், பயணத்துக்கு மூணு மாசம் முன்னாடில இருந்துதான் அப்ளை பண்ண முடியும், முடிவு வர பொதுவா மூணு வாரம். மே லீவுக்கு வர்றவங்க பிப்ரவரி கடைசிலயே ஆரம்பிச்சிடுங்க. மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆன்லைன்ல ஈடிஏன்னு ஒரு பயண அனுமதி எடுத்தா போதும், அதே 2025 ஏப்ரல் கணக்குல 16 பவுண்டு. இந்த ஃபீஸெல்லாம் அடிக்கடி ஏத்துவாங்க, கட்டறதுக்கு முன்னாடி அரசாங்க சைட்ல பாத்துக்கோங்க. நடுவுல நிறைய போலி சைட் இருக்கு, "சர்வீஸ் சார்ஜ்"னு மேல காசு கேட்டா ஓடிடுங்க.

விசிட்டரா வர்றவங்க டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கறப்போ சைக்கிள் ஓட்டறது கவர் ஆகுதான்னு எழுத்துல கேளுங்க. ஏ அண்ட் ஈ-ல (ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவு) பாக்கறது எல்லாருக்கும் ஃப்ரீ, ஆனா அங்க இருந்து வார்டுல அட்மிட் பண்ணிட்டா விசிட்டருக்கு பில் வரும், அதுவும் சாதாரண ரேட்டுல ஒண்ணரை மடங்கு.

இங்க இருக்கறவங்களுக்கு மூணே விஷயம்:

ரயில்கார்டு. ரெண்டு பேரா போனா டூ டுகெதர் கார்டு, 2025 மார்ச்ல 35 பவுண்டு ஆச்சு, டிக்கெட்ல மூணுல ஒரு பங்கு குறையும். வார நாள்ல காலை ஒன்பதரைக்கு அப்புறம்தான் செல்லும், சனி ஞாயிறு எப்ப வேணா. ரெண்டு பேரோட ஃபோட்டோவும் அதுல இருக்கும், ரெண்டு பேரும் சேர்ந்து போகணும். ஒருத்தர் முன்னாடி ரயில்ல போய்ட்டு இன்னொருத்தர் பின்னாடி வர்றதெல்லாம் கிடையாது.

தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ். சட்டப்படி கட்டாயம் இல்ல. ஆனா நீங்க யார் கார்லயாவது கோடு போட்டுட்டா? சைக்ளிங் யுகேங்கற சைக்கிள்காரங்க சங்கத்துல மெம்பர் ஆனா அதுக்குள்ளயே ஒரு கோடி பவுண்டு வரைக்கும் தேர்ட் பார்ட்டி கவர் வருது. நாங்க எடுத்துட்டோம்.

ஃப்ரேம் நம்பர். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறீங்கன்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி சைக்கிளைக் கவுத்துப் போட்டு பெடல் சுத்தற இடத்துக்கு அடில இருக்கற நம்பரைப் பாருங்க, பைக்ரிஜிஸ்டர் சைட்ல போட்டா திருட்டு சைக்கிளான்னு ஃப்ரீயா சொல்லிடும். நம்பரைச் சுரண்டி வெச்சிருந்தா "வேணாம் ப்ரோ"ன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

3. சைக்கிளும் சாமானும்

கார்பன் ஃப்ரேம் அது இதுன்னு யூடியூப் பாத்து மயங்காதீங்க. கியர் வெச்ச சாதாரண ஹைப்ரிட் போதும், டயர் 35 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா நல்லது, மட்கார்டு கண்டிப்பா. என் வீட்டுக்காரர் ஸ்டைலுக்காக மட்கார்டைக் கழட்டி வெச்சுட்டு வந்தார், முதல் நாளே முதுகுல ஒரு கோடு சேறு.

முதுகுல பேக் மாட்டாதீங்க. பின்னாடி கேரியர்ல தொங்கற பேனியர் பை ரெண்டு வாங்குங்க, வேர்வையும் இருக்காது, தோளும் வலிக்காது. பேடு வெச்ச ஷார்ட்ஸ் ஒண்ணு வாங்குங்க, அதுக்குள்ள ஜட்டி போடக் கூடாது. இதை எனக்கு யாருமே சொல்லல, தையல் உரசி உரசி ரெண்டாம் நாள் நான் நின்னுக்கிட்டேதான் டீ குடிச்சேன்.

சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், சிவப்பு ரிஃப்ளெக்டர், பெடல்ல ஆம்பர் ரிஃப்ளெக்டர் எல்லாம் சட்டப்படி இருக்கணும். ஹெல்மெட் கட்டாயம் இல்ல, ஆனா போடுங்க.

பம்ப் வாங்கறப்போ உங்க ட்யூப் வால்வ் என்னன்னு பாத்து வாங்குங்க. நம்ம ஊர் பைக், கார்ல இருக்கற தடிமன் வால்வ் வேற, இங்க நிறைய சைக்கிள்ல வர்ற ஒல்லி வால்வ் வேற. தப்பான பம்ப்பை வெச்சுக்கிட்டு வயலுக்கு நடுவுல நின்னா அது வெறும் குச்சி.

4. ரயில்

இதுதான் எங்களுக்கு விழுந்த முதல் அடி, அதனால மெதுவா படிங்க.

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ஏறி மார்க்ஸ் டே ஸ்டேஷன்ல மாறணும், அங்க இருந்து சட்பரிக்கு சின்ன கிளை ரயில், சட்பரில இருந்து லாவன்ஹாமுக்கு மிதிக்கணும். முதல் பகுதி ஏறக்குறைய ஒரு மணி நேரம், ரெண்டாவது இருபது நிமிஷம். கிளை ரயில் மணிக்கு ஒண்ணுதான், விட்டா பிளாட்ஃபார்ம்ல ஒரு மணி நேரம் புறாவைப் பாத்துக்கிட்டு உக்காரணும். சைக்கிளுக்கு டிக்கெட் கிடையாது, ஃப்ரீ.

ஆனா வார நாள்ல காலை பீக் நேரத்துல லண்டனுக்குள்ள வர்ற ரயில்லயும், சாயங்கால பீக்ல லண்டன்ல இருந்து கிளம்பற ரயில்லயும் மடக்காத சைக்கிளை ஏத்த முடியாது. நாங்க வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சு அஞ்சு மணிக்கு ரெண்டு சைக்கிளோட கேட்டுக்கு வந்து நின்னோம். கேட்ல இருந்தவர் சைக்கிளைப் பாத்தார், மணியைப் பாத்தார், தலையை ஆட்டினார். ரெண்டு மணி நேரம் காத்திருந்திருக்கலாம், பசி, எரிச்சல், ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கிட்டு இல்ஃபோர்டுல இருக்கற எங்க வீட்டுக்கே திரும்பிட்டோம். வெள்ளி நைட்டு ரூம் காசு 115 பவுண்டு கோவிந்தா. சனிக்கிழமை காலைல போங்க, அன்னிக்கு இந்தத் தடை இல்ல. கிழக்கு லண்டன்காரங்க ஸ்ட்ராட்ஃபோர்டுலயும் ஏறலாம், ஆனா அதுக்குள்ள சைக்கிள் இடம் நிறைஞ்சிருக்கும், கிளம்பற இடத்துலயே ஏறினா நிம்மதி.

ஆய்ஸ்டர் கார்டைத் தட்டிட்டுப் போய்டலாம்னு நினைக்காதீங்க, சட்பரி வரைக்கும் அது செல்லாது. டிக்கெட் இல்லாம மாட்டினா பெனால்டி 100 பவுண்டு ப்ளஸ் ஒரு வழி டிக்கெட் காசு, 21 நாளைக்குள்ள கட்டினா அந்த 100 பாதியாகும்.

அப்புறம் இஞ்சினியரிங் வொர்க்ஸ். ஞாயிறு, பேங்க் ஹாலிடே நாள்ல தண்டவாள வேலைன்னு ரயிலை நிறுத்திட்டு பஸ் விடுவாங்க. அந்த பஸ்ல மடக்கற சைக்கிளைத் தவிர வேற சைக்கிளை ஏத்த மாட்டாங்க. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி நேஷனல் ரயில் சைட்ல போற தேதி, வர்ற தேதி ரெண்டையும் போட்டுப் பாருங்க. ரயில் படத்துக்குப் பதிலா பஸ் படம் வந்தா அந்த வாரம் வேண்டாம்.

5. ரூம்

லாவன்ஹாம்ல ரூம் எடுத்து அங்கயே ரெண்டு நாள் தங்கி, சுத்திட்டு சுத்திட்டு வர்றதுதான் புதுசா போறவங்களுக்கு நல்லது, தினம் தினம் பையைக் கட்டி அவிழ்க்கற வேலை இல்ல. கோடைல சனிக்கிழமை சேர்ந்தா பல இடத்துல ரெண்டு நைட்டாவது எடுக்கணும்னு சொல்வாங்க. பி அண்ட் பி-ல ரெண்டு பேருக்கு ஒரு நைட்டு எங்களுக்கு 115 ஆச்சு, காலை டிஃபனோட. ரெண்டு மாசம் முன்னாடி புக் பண்ணுங்க, முடிஞ்சா ரத்து பண்ற வசதியோட.

புக் பண்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு மெயில் போடுங்க: சைக்கிளை ராத்திரி பூட்டி வைக்க ஷெட் இருக்கா, சைவ டிஃபன் உண்டா. நாங்க தங்கின இடத்து ஓனரம்மா ஷெட் சாவியையே எங்க கைல குடுத்துட்டாங்க. சைவம்னா காளான், தக்காளி, பீன்ஸ், டோஸ்ட்னு தட்டு நிறைய வரும், அதை நல்லா கட்டிக்கிட்டு கிளம்பினா மதியம் வரைக்கும் தாங்கும்.

6. எந்த வழியா ஓட்டறது

ஃபோன் மேப்பை மட்டும் நம்பாதீங்க, சிக்னல் போற இடம் நிறைய. ஆர்ட்னன்ஸ் சர்வே லேண்ட்ரேஞ்சர் 155-ம் நம்பர் மேப் வாங்குங்க, ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், இந்த ரெண்டு நாள் ரூட்டுல வர்ற ஊரெல்லாம் அந்த ஒரே ஷீட்ல வந்துடும். உள்ள இருக்கற டவுன்லோட் கோட் நம்பரைப் போட்டா ஃபோன்லயும் இறங்கிடும்.

முதல் நாள், சட்பரில இருந்து லாவன்ஹாம், சுமார் 13 கிலோமீட்டர். சட்பரில ஒரு பழைய ரயில் பாதையை நடக்கவும் சைக்கிளுக்குமா மாத்தியிருக்காங்க, ரோட்பிரிட்ஜ் கார்னர் வரைக்கும் மரத்தடிலயே போகலாம். அங்க மெயின் ரோட்டைக் கடக்கறப்போ இறங்கித் தள்ளுங்க, ஏ134 வண்டியெல்லாம் பறக்கும். அப்புறம் லாங் மெல்ஃபர்ட், பேருக்கேத்த மாதிரி நீ...ளமான தெரு, ரெண்டு பக்கமும் கடை, காபி குடிச்சுக்கிட்டே தள்ளிக்கிட்டுப் போகலாம். அங்க இருந்து ஆக்டன் வழியா சின்ன ரோடு. லாவன்ஹாம் உள்ள நுழைஞ்சா வீடெல்லாம் பக்கத்து வீட்டுத் தோள்ல சாஞ்சு தூங்கற மாதிரி கோணலா நிக்கும், மரச்சட்டம், ஆரஞ்சு, ரோஸ் கலர் சுவர். மார்க்கெட் ப்ளேஸ்ல கில்ட்ஹால் வாசல்ல உக்காந்து சும்மா பாத்துக்கிட்டே இருந்தோம்.

ரெண்டாம் நாள் வட்டம், சுமார் 31 கிலோமீட்டர்: லாவன்ஹாம், ப்ரென்ட் ஈலி, மங்க்ஸ் ஈலி, லிண்ட்சி, கெர்சி, பாக்ஸ்ஃபர்ட், எட்வர்ட்ஸ்டன், லிட்டில் வால்டிங்ஃபீல்ட், மறுபடி லாவன்ஹாம். ஒன்பதரைக்குக் கிளம்பினா நின்னு நின்னு போய் நாலரைக்கு வந்துடலாம். மங்க்ஸ் ஈலி வரைக்கும் ஏ1141 கொஞ்ச தூரம் வரும், ஞாயிறு காலைல கூட்டம் இருக்காது. அதுக்கப்புறம் எல்லாமே வேலிக்கு நடுவுல ஒத்தையடி ரோடுதான், ஒரு கார் வந்தா இன்னொரு கார் ஒதுங்கணும். நான் போனப்போ வேலி ஓரமெல்லாம் வெள்ளையா நுரை பொங்கின மாதிரி பூ. வழில லிண்ட்சில புல்வெளில ஒரு சின்னக் கல் சேப்பல் (குட்டி சர்ச்) இருக்கு, கூரை வைக்கோல் வேய்ஞ்சது, உள்ள போக காசு கிடையாது, வெயிலுக்கு உக்காந்து தண்ணி குடிக்க ஏத்த இடம்.

கெர்சியைப் பத்தி ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, சஃபோக் தட்டைனு சொன்னேன்ல, கெர்சி தெரு மட்டும் கிண்ணம் மாதிரி, ரெண்டு பக்கமும் செங்குத்தா இறங்கி நடுவுல சேரும். இறங்கறப்போ பின் பிரேக்கையும் சேத்துப் பிடிங்க, ஏறறப்போ வெக்கப்படாம தள்ளுங்க. ரெண்டாவது, அந்த நடுவுல தெருவையே குறுக்க வெட்டிக்கிட்டு ஒரு ஓடை போகுது, வண்டிக்குப் பாலம் கிடையாது, கார் எல்லாம் தண்ணிக்குள்ளயே இறங்கிப் போகும். கணுக்கால் அளவுதான் தண்ணி, "இதுல என்ன இருக்கு"ன்னு மிதிச்சுக்கிட்டே இறங்கினேன். அடில பாசி. முன் சக்கரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எதிர்ல நாலு வாத்து, நகரக்கூட இல்ல. "ஏம்மா, பக்கத்துலயே நடக்கறதுக்குப் பாதை இருக்கே"ன்னு கரைல நின்னு நிதானமா சொல்றார் என் வீட்டுக்காரர். ஆமா, பக்கத்துலயே நடக்கறவங்களுக்குத் தனி வழி இருக்கு. அதுல தள்ளிக்கிட்டுப் போங்க.

7. சாப்பாடு, தண்ணி

கிராமத்து பப்ல கதவு திறந்திருந்தா சமையலும் இருக்கும்னு அர்த்தம் இல்ல. மதியம் பன்னெண்டுல இருந்து ரெண்டு, ரெண்டரை, ராத்திரி ஆறுல இருந்து எட்டரை, அவ்ளோதான் கிச்சன். ஞாயிறு மதியம் ரோஸ்ட் போட்டுட்டு ராத்திரிக்கு நிறைய இடத்துல மூடிடுவாங்க. திங்கள் சில இடத்துல முழுக்க லீவு. நாங்க ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பப்ல போய் நின்னா "சாரி லவ், கிச்சன் முடிஞ்சுது"ன்னாங்க, வேர்க்கடலை பாக்கெட் நாலு வாங்கிக்கிட்டு வந்தோம். அதனால ரெண்டு விஷயம்: ஞாயிறு ராத்திரிக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி டேபிள் சொல்லுங்க, பைல எப்பவும் ஒரு வேளைக்கு ஏதாவது வெச்சிருங்க. செப்டம்பர்ல நான் புளியோதரை கட்டிக்கிட்டுப் போனேன், ரெண்டாம் நாள் மதியமும் கெடல.

சட்பரி சூப்பர்மார்க்கெட்ல வாங்கிக்கலாம்னா, பெரிய கடையெல்லாம் ஞாயிறு ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், பத்துல இருந்து நாலுன்னு வெச்சுக்கோங்க.

செலவு எங்களுக்கு ஆளுக்கு: பப்ல ஒரு மெயின் 16, 17 பவுண்டு, காபி கேக் 8, ரயில் போய்ட்டு வர முப்பது சொச்சம். ரூம் பங்கோட சேர்த்து ரெண்டு நைட்டுக்கு ஆளுக்கு 230 ஆச்சு, வெள்ளிக்கிழமை போன தண்டத்தைச் சேர்க்காம.

8. ரோட்டுல

அந்தச் சின்ன ரோட்டுல கூட போர்டு இல்லன்னா சட்டப்படி கார் 60 மைல் வரைக்கும் வரலாம். அதனால வேலியோட ஒட்டிக்கிட்டு ஓட்டாதீங்க, வளைவுல தெரியற மாதிரி கொஞ்சம் நடுவுல ஓட்டுங்க, கார் சத்தம் கேட்டா இடம் பாத்து ஒதுங்குங்க. ஒதுங்கினா டிரைவர் கையைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்க.

குதிரை வந்தா பெல் அடிக்காதீங்க. மிரளும். வேகத்தைக் குறைச்சு பின்னாடி இருந்தே "ஹலோ"ன்னு குரல் குடுங்க, அவங்க சொன்னதும் தள்ளி மெதுவா போங்க.

வயலுக்குள்ள போற பாதைல அம்புக்குறி கலரைப் பாருங்க. மஞ்சள்னா நடக்கறவங்களுக்கு மட்டும். நீலம்னா பிரைடில்வே (குதிரைப் பாதை), சைக்கிள் போகலாம், ஆனா குதிரைக்கும் நடக்கறவங்களுக்கும் வழி விடணும். ஊதா, சிவப்புலயும் போகலாம். ஃபோன் ஆப் குறுக்கு வழின்னு மஞ்சள்லயும் தள்ளி விடும், ஏமாறாதீங்க. நீலமா இருந்தாலும் மழை பெஞ்ச மறுநாள் வேண்டாம், அது களிமண் பூமி, சக்கரத்துல ஒட்டி மட்கார்டுக்குள்ள கேழ்வரகுக் களி மாதிரி இறுகிடும், குச்சியால குத்திக் குத்தி எடுத்தோம்.

குடிச்சுட்டு சைக்கிள் ஓட்டறதும் இங்க குற்றம்தான். "சைக்கிள்தானே"ன்னு ரெண்டாவது பைன்ட் பீர் சொல்லாதீங்க.

9. பஞ்சர்

வேலிச் செடியை விவசாயிங்க மார்ச் 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் வெட்டக் கூடாது, பறவை கூடு கட்டற நேரம். செப்டம்பர் வந்ததும் டிராக்டரை விட்டு ஒரேயடியா வெட்டுவாங்க, அந்த முள் எல்லாம் ரோட்டுல. கருவேல முள் மாதிரியே கெட்டி. லிட்டில் வால்டிங்ஃபீல்ட் தாண்டி புஸ்ஸுன்னு போச்சு. ஒட்டற வேலையெல்லாம் ரோட்டோரம் வேண்டாம், புது ட்யூப் ரெண்டு, பிளாஸ்டிக் டயர் லீவர், பம்ப் வெச்சிருங்க, மாத்திட்டு ரூமுக்கு வந்து ஒட்டிக்கலாம். புது ட்யூப் போடறதுக்கு முன்னாடி டயர் உள்பக்கம் விரலை மெதுவா ஓட்டி முள்ளைத் தேடி எடுங்க. நாங்க எடுக்கல, அஞ்சாவது நிமிஷம் ரெண்டாவது ட்யூபும் போச்சு. வீட்டுல ஒரு தடவை பின் சக்கரத்தைக் கழட்டி மாட்டிப் பழகிட்டு வாங்க.

10. திரும்பி வர்றது

பேங்க் ஹாலிடே திங்கள், மத்தியானம் ஒரு மணி, சட்பரி ஸ்டேஷன். ரயில் இல்ல, பஸ். நாலாவதுல சொன்னேனே, அதேதான். டிரைவர் பாவம், நல்லவர்தான், "சைக்கிள் மட்டும் முடியாது"ன்னுட்டார். வேற வழி இல்லாம மார்க்ஸ் டே வரைக்கும் மிதிச்சோம், ப்யூர்ஸ், சாப்பல் வழியா கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர். கோவத்துல கிளம்பினாலும் சாப்பல்ல 32 வளைவோட அந்தச் செங்கல் ரயில் பாலம் பள்ளத்தாக்குக்குக் குறுக்க நிக்கறதைப் பாத்ததும் ரெண்டு பேரும் இறங்கிட்டோம். கால்ல தெம்பு இருந்தா வேணும்னே இந்த வழியா வாங்கன்னு இப்ப நானே சொல்லுவேன்.

திரும்பற டிக்கெட்டை ஒரே ரயில்ல மட்டும் செல்ற மாதிரி எடுக்காதீங்க, ஆஃப் பீக் ரிட்டர்ன் எடுங்க, பஞ்சர், மழை எது வந்தாலும் அடுத்த ரயில் பிடிக்கலாம். ரயில் 15 நிமிஷத்துக்கு மேல லேட்டானா டிலே ரிபேன்னு நஷ்டஈடு கேக்கலாம், 28 நாளைக்குள்ள போடணும், டிக்கெட் ஃபோட்டோ வெச்சுக்கோங்க. நாங்களும் அந்தத் திங்களுக்குப் போட்டோம், "பஸ் முன்னாடியே டைம்டேபிள்ல அறிவிச்சது, அதனால லேட் கணக்குல வராது"ன்னு பதில் வந்துச்சு.